பன்றி கிண்டாத சரிவு

அன்புள்ள மகனே,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, கண்டியைச் சுற்றி நிற்கும் மலைகள் அத்தனையையும் சாட்சிக்கு அழைத்து, வலது கையை நெஞ்சில் வைத்து வாக்குக் கொடுக்கிறேன். நீ அதை ஏற்கனவே கேட்டிருக்கிறாய். இருந்தாலும் ஒரு தடவை அது முழு அலங்காரத்தோடு எழுத்தில் வரட்டும். பிறகு நானே அதைக் குழி தோண்டிப் புதைக்கிறேன். பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம், உடவத்தைக் காட்டிலிருந்து ஒரு பன்றிப் படை கிளம்பியது. முன்னால் வந்த தளபதிப் பன்றி தெல்தோட்டை பஸ் அளவு இருந்தது. அதன் கோரைப்பற்களில் ஆளுக்கொரு பக்கம் துணி காயப்போடலாம். படை வரிசை குலையாமல் மஹய்யாவச் சந்தியைக் கடந்தது, ஹோர்ன் அடித்த முச்சக்கர வண்டிக்கு வழி விட்டது, நேராக நம் வீட்டுப் பின் சரிவில் ஏறி, நீ வருடக்கணக்கில் வளர்த்த தோட்டத்தைத் தின்று, இலையையும் தின்று, கொடியையும் தின்று, ஏப்பம் விட்டுவிட்டுப் போனது. சரிவு மொட்டையானது அப்படித்தான். இதைத்தான் நான் சம்பந்திக்கு முன்னால், கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒரு சக்கரவர்த்தியைப் போலச் சொன்னேன்.

சம்பந்தி தெல்தோட்டையில் போஞ்சியும் லீக்ஸும் போடுகிற மனிதர். ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பன்னி கிண்டுனா குழி குழியா இருக்குமேங்க சம்பந்தி. இது என்னா, சவரம் பண்ணுன கன்னம் மாதிரி வழுவழுன்னு இருக்கு?"

"இது டவுன் பன்னிங்க. நாகரிகமானது. கிண்டிட்டுத் திரும்ப மட்டம் பண்ணிட்டுத்தான் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். உனக்குப் பார்த்திருக்கும் ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, ஒங்களுக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டாள். "பயந்துதாம்மா போயிட்டேன்" என்று குரலை இறக்கிச் சொன்னேன். சம்பந்தி உன் பக்கம் திரும்பினார். "நெசமாவா மாப்பிள்ள?"

நீ கையிலிருந்த தேநீரைப் பார்த்தாய். அதற்குள் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதைப் போலப் பார்த்தாய். பிறகு, "ஆமாங்க மாமா. பன்னிதான்" என்றாய்.

மகனே, நீ விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். கண்ணால் பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே என்று வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, சனிக்கிழமைகளில் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கிறவன். அந்த வாயால் ஒரு பொய் வந்தது என் பொருட்டு. அந்தக் கணத்திலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. (இறங்கவே இல்லை என்று எழுதத்தான் பேனா போனது. அம்மா பக்கத்தில் நின்று, "நேத்து மூணு தரம் போட்டுத் தின்னீங்க" என்கிறாள். ஆகவே, சரியாக இறங்கவில்லை.)

நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்குப் புரியவே இல்லை, புரிந்துகொள்ளப் பார்க்கவும் இல்லை. நான் கலஹாவில் கங்காணியாக இருந்த காலத்தில் என் மலையில் ஒரு புல் முளைக்க வேண்டுமென்றால் அது முதலில் என்னிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுரண்டியால் வழித்து வழித்து, நிலத்தை அம்மி மாதிரி வைத்திருப்பேன். மழை பெய்தால் ஓடை சிவப்பாக ஓடும். அதைப் பார்த்து ஒரு நாளும் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. மலைநாட்டில் ஓடை அந்த நிறம்தான் என்று இருந்தேன். அப்படிப்பட்டவனின் வீட்டுக்குப் பின்னால் நீ வந்து, சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கி, வேலிக் கிளிசீரியா மரத்தின் இலையை வெட்டிப் போட்டு, காய்ந்த சருகைப் பரப்பி, அதற்குள் கத்தரியும் கொச்சிக்காயும் நட்டு, ஓரமெல்லாம் பயற்றங்கொடியைப் படரவிட்டாய். நான் அதற்கு மஹய்யாவ மாநகரக் குப்பைமேடு என்று பெயர் சூட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கேலி செய்தேன். நீ ஜாம் போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, அலுமாரிமேல் அசையாமல் வைத்தாயே, மணல் முதலில் அடியில் போகும், அதன்மேல் வண்டல், களி கடைசியில்தான் இறங்கும் என்று. அதைக்கூட நான் விடவில்லை. அது சர்க்கரை வியாதிக்கு நீ கண்டுபிடித்த கஷாயம் என்று கீழ்வீட்டுச் செல்வியிடம் சொன்னேன். அவள் பாவம், ஒரு கரண்டி கேட்டு வந்தாள்.

சுரண்டியை நான் எடுத்த நாளைப் பற்றி எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீ கலஹாப் பள்ளிக்கூடத்தில் இருந்தாய். மறுநாள் பெண் வீட்டார் வருகிறார்கள். வாசலைக் கூட்டினேன், மனம் ஆறவில்லை. பின்பக்கம் போனேன். சருகும் கொடியும் அழுகலுமாகக் கிடந்தது. உன் கண்ணால் பார்க்காமல் என் கண்ணால் பார்த்தேன். அம்மா குசினி வாசலில் நின்று, "அது அவன் தோட்டம். அவன் வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்றாள். "இதுதான்டா தோட்டம்னு சொல்லுவேன்" என்றேன். சருகை எல்லாம் இழுத்து மூலையில் குவித்தேன். கொடிகளை வேரோடு பிடுங்கினேன். உன் கல்வரிசை கோணலாகத் தெரிந்தது, அதையும் பெயர்த்து வேலியோரம் நேராக அடுக்கினேன். பிறகு மேலிருந்து கீழாகச் சுரண்டி போட்டேன். மூலையில் குவித்ததைக் கொளுத்தினேன். முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் இவ்வளவு சுத்தமான சரிவு வேறு இல்லை, இங்கிலாந்து ராணி உயிரோடு இருந்தால் இதில் வெறுங்காலோடு நடப்பாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தி மழை எல்லா நாளும் பெய்கிற மழைதான். இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு ஆசை, வானம் பிளந்தது, ஆறு தலைகீழாகத் தொங்கியது என்றெல்லாம். அப்படி ஒன்றும் இல்லை. சாதாரண மழை. அதுதான் வெட்கம். நீ எத்தனையோ முறை சொன்னாய், ஒவ்வொரு துளியும் வெறும் மண்ணில் ஒரு சின்னச் சுத்தியல் மாதிரி விழும், மண் உருண்டைகளை உடைக்கும், உடைந்த தூள் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும், பிறகு தண்ணீருக்கு உள்ளே போக வழி இருக்காது, ஓடத்தான் வழி இருக்கும் என்று. நான் ஜன்னலில் நின்று அதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் சரிவு மினுங்கியது. பிறகு கோடு கோடாகக் கீறல் விழுந்தது. பிறகு உன் மண், நீ சருகு போட்டுக் கறுக்க வைத்த அந்த மேல்மண், கோப்பி நிறத்தில் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. கட்டுகஸ்தோட்டை வரை கேட்டிருக்கும்: "கங்காணி அண்ணே! ஒங்க தோட்டம் எங்க குசினிக்கு வந்திருக்கு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க!"

காலையில் நீ வந்தாய். சத்தம் போடுவாய் என்று ஒரு மூட்டை பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீயோ சரிவில் குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தாய். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் செல்வி வீட்டு வடிகாலைத் துப்புரவாக்கினாய். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தாய். அதன்பிறகு நான் கதிரையில் கால்மேல் கால் போட்டேன்.

நீ கலஹாவுக்குத் திரும்பிப் போன பிறகு, நீ ஒருமுறை செய்து காட்டியதை நான் திருட்டுத்தனமாகச் செய்து பார்த்தேன். வாழைக்கு அடியில் என் சுரண்டி எட்டாத ஒரு முழ இடம் தப்பியிருந்தது. அங்கிருந்து ஒரு கட்டி, வழித்த இடத்திலிருந்து ஒரு கட்டி, இரண்டையும் நன்றாகக் காய வைத்து, இரண்டு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் போட்டேன். வழித்த இடத்துக் கட்டி, தேநீரில் விட்ட மாரி பிஸ்கட் மாதிரி அப்படியே கரைந்து உட்கார்ந்தது. வாழையடிக் கட்டி அசையவில்லை. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது ஏன் கரையல?" என்றாள். வேர்கள் விடுகிற பசையும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண நூலும், மண்புழுவின் எச்சமும் சேர்ந்து கட்டிப் பிடித்திருக்கிறது என்று நீ சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். "இவ்வளவும் தெரிஞ்சா வழிச்சீங்க?" என்றாள். மகனே, அந்தக் கேள்விக்கு என்னிடம் எந்தப் பன்றியும் இல்லை. நீ சொன்னபோதெல்லாம் காதில் வாங்கியிருக்கிறேன். கேலி செய்வதற்காக வாங்கியிருக்கிறேன்.

அதன்பிறகு, மழைக்காலம் முற்றுவதற்குள் சரிவை மூட வேண்டும் என்று எனக்குப் பேய் பிடித்தது. உன் கற்களைத் திரும்பச் சரிவுக்குக் குறுக்கே வைத்தேன். ஆனால் மூடுவதற்குச் சருகு எங்கே? இருந்ததைத்தான் கொளுத்திவிட்டேனே. மஹய்யாவ முழுக்க அறிந்த துப்புரவுச் சக்கரவர்த்தி, தோளில் வெறும் சாக்கோடு வீடு வீடாகப் போய், ஐயா, உங்கள் குப்பையைக் கொஞ்சம் தருவீர்களா என்று நின்றேன். ஊர் பார்த்த பார்வை இருக்கிறதே! செல்வி வேலியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"போன மாசம் எங்க பலாமரத்து எல ஒன்னு ஒங்க பக்கம் விழுந்ததுக்கு என்னென்ன பேச்சுப் பேசுனீங்க? இப்ப சாக்கோட வந்து நிக்கிறீங்க?"

"குடுக்குறியா, இல்லியா?"

"குடுக்குறேன். பன்னி வந்துச்சா, வரலியா? அத மட்டும் சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"வரல."

"அப்ப யாரு?"

"நான்தான்."

"கேக்கல அண்ணே. பலாமரத்துக்கும் கேக்கட்டும், நல்லாச் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சாக்குச் சருகுக்காக, நடு ரோட்டில் நின்று. அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு சாக்கும் நிரப்பித் தந்தாள், அதற்குமேல் தன் வடிகாலிலிருந்து அள்ளிச் சேர்த்து வைத்திருந்த நம் மண்ணையும் வாளியில் தந்தாள். வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்தேன்.

அன்று மாலை அம்மா சொன்னதுதான் என்னை உடைத்தது. ஸ்டெல்லா போனில் உன்னிடம் திரும்பவும் கேட்டாளாம், உண்மையில் பன்றிதானா என்று. நீ திரும்பவும் ஆமாம் என்றாயாம். அதிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லையாம். கோவிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று, பெண் போனை எடுப்பதில்லை. எனக்கு முன்னால் நீ ஒரு தடவை அப்படிச் சொன்னதை நான் மன்னித்துவிடலாம், வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் அப்பனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும். ஆனால் வாழப்போகிற பெண்ணிடம், தனியாக, அவள் கேட்டபோது! என் சுரண்டி அவ்வளவு தூரம் வழித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். பேராதனையில் இறங்கி மாறி, கலஹாவில் உன் குவார்ட்டர்ஸ் பக்கம் பஸ் நின்றபோது பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தெல்தோட்டை போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி போஞ்சிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் கதை சொல்லிவிடுவேன் என்று பயம்.

"சம்பந்தி, அது பன்னி இல்லீங்க. நான்தான் சுரண்டி போட்டேன்."

"அது எனக்கு ஜன்னல்ல பார்த்தப்பவே தெரியும்" என்றார் அவர், கம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சொன்னது எனக்குப் பெருசு இல்ல. வயசானவங்க நாலும் சொல்லுவீங்க. மாப்பிள்ள ஆமான்னாரு பாருங்க. அதுதான் வீட்டுல பேச்சு."

ஸ்டெல்லா தேநீர் கொண்டுவந்தாள். அவளிடமும் சொன்னேன். அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே எழுதவில்லை. அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஏன் மாமா, அவருக்கு வாய் இல்லியா?" என்றாள்.

"அவன் வாய அடைச்சது நான்தாம்மா."

"நீங்க அடைச்சா அடைபடுற வாயா அது? நாளைக்கு நான் ஒரு தப்புப் பண்ணுனா எனக்காகவும் இப்புடித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரா? இல்ல எங்கிட்டயே சொல்லுவாரா?" கோப்பையை என் கையில் வைத்தாள். "நீங்க வந்தது நல்லது. நீங்க சொன்னத நீங்க சொல்லியாச்சு. அவரு சொன்னத அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க."

அதனால்தான் இந்தக் கடிதம். இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. யாரும் வாசிக்கலாம், செல்வி ஏற்கனவே வாசித்து இரண்டு இடத்தில் பிழை திருத்திவிட்டாள். மகனே, உன்னை என் பொய்யிலிருந்து இதோ எல்லோருக்கும் முன்னால் அவிழ்த்துவிடுகிறேன். கலஹாவிலிருந்து தெல்தோட்டை எவ்வளவு தூரம்? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறு. போனில் வேண்டாம். அப்பா சங்கடப்படுவார் என்று ஒரு சொல்லைக்கூட மெழுகாதே. அப்பா மனமாரச் சங்கடப்படட்டும், அவருக்கு அது பாக்கி இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் இருக்கப்போகிற அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலும் ஒரு துண்டு நிலம் இருக்கிறது, அதுவும் சரிவு. உனக்கு நான் தோட்டம் சொல்லித் தருவது, மீனுக்கு நீச்சல் வகுப்பு வைப்பது போலத்தான். ஆனாலும் நீ சொன்னதெல்லாம் இந்த மண்டையில் ஏறியிருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையால் போடு. வெறும் மண்ணை ஒரு மழைக்குக்கூட விடாதே, ஆனால் சருகைச் செடியின் தண்டில் முட்டும்படி குவித்து அழுக வைக்காதே. களையை வேரோடு இழுக்காமல் தரைமட்டத்தில் வெட்டு, வேர் உள்ளேயே மக்கட்டும், அது தண்ணீருக்குப் பாதை. காய்ந்த சருகும் பச்சை இலையும் குசினிக் கழிவும் கலந்து கூட்டெரு போடு, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நான் தேயிலை மலையில் போட்ட பழக்கத்தில் டொலமைட் சுண்ணாம்பு மூட்டையோடு வந்து நின்றால், மண்ணின் புளிப்பைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு கைப்பிடிகூடப் போட விடாதே. மழை நின்ற உடனே பாத்திக்குள் நடந்து மண்ணை மிதிக்காதே. உள்ளே விடாதே என்று நான் சொல்கிற ஆட்களில் முதல் ஆள் நான்தான். படலையிலேயே நிறுத்தி, கையைச் சோதித்துவிட்டு அனுப்பு.

இங்கே சரிவு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். அற்புதம் நடந்தது, காடு முளைத்தது, சிறுத்தை குடிவந்தது என்றெல்லாம் எழுதலாம். அப்படி இல்லை. போன கிழமை பெய்த மழையில் சருகுக்குக் கீழே இருக்கிற மண் அரித்துப் போகவில்லை, அவ்வளவுதான். பயறு தூவினேன், கொஞ்சம் முளைத்திருக்கிறது. கறுப்பு மண் போனது போனதுதான், அது திரும்ப வர நீ எடுத்த வருடங்கள் எனக்கும் வேண்டும். என் வயதுக்கு அது பேராசை. இருந்தாலும் சருகு சேர்க்கிறேன்.

இனிப் புதைக்க வேண்டியதைப் புதைக்கிறேன். பஸ் அளவுப் பன்றி பொய். படை பொய். முச்சக்கர வண்டிக்கு வழி விட்டது பொய், அதை மனிதர்களே விடுவதில்லை. அன்று நான் அந்தக் கதிரையில் இருந்து சொன்னதில் மெய் என்று தேடினால் ஒரு சின்னத் துண்டுதான் அகப்படும். ஸ்டெல்லா கேட்டதற்கு நான் சொன்ன பதில். நான் பயந்துதான் போயிருந்தேன். வருகிறவர்கள் அந்தச் சருகைப் பார்த்துவிட்டு, என்ன இருந்தாலும் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்த ஆட்கள், குப்பைக்குள் கிடக்கப் பழகியவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று, முதல் நாள் காலையிலிருந்தே வாசலைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். அது ஒன்று மட்டும் உண்மை.

உன்
அப்பா